மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

பதினேழு மணி நேரமாக அவள் யாரிடமும் பேசவில்லை.

உப்புமா பரிமாறியவரிடம் "போதுங்க" என்றதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. வட்டமாகப் போட்ட இருபத்திரண்டு நாற்காலிகள். எல்லோர் மடியிலும் அதே நான்கு பக்கங்கள்.

அவள் எழுதிய நான்கு பக்கங்கள்.

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த எழுத்தாளர் முகாமின் வழக்கம் அப்படி. கதையில் பெயர் இருக்காது. எழுதியவர் மணி அடிக்கும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. அடித்ததும் எழுந்து நிற்க வேண்டும். யாரும் எழாவிட்டால் கதை பெட்டிக்குள் போய்விடும். தொகுப்பில் வராது.

அவள் கதை எழுதுவது வீட்டுக்குத் தெரியாது. சேலத்தில் இரண்டு நாள் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். ஈரோட்டில் பேருந்து ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். எழப்போவதில்லை. காதால் கேட்டால் போதும்.

இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூங்கோதை இருக்காளே, சரியான நெஞ்சழுத்தக்காரி," என்றார் நாவலாசிரியர் மெஹருன்னிசா.

"விடுங்கம்மா, பாவம் அவ," என்றார் எதிரே இருந்த ஒருவர். "லேப்ல வேலை பாக்கறவ ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அழுதுட்டா இருப்பா?"

பூங்கோதை, அவள் மார்ச் மாதத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இந்தக் கதைக்காக உண்டாக்கிய பெண். அவளுக்காக இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர்.

காது மடல் சுட்டது.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணினாள். நூற்றுப் பதினாறு.

யாரோ இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். தன் வாக்கியம் இன்னொருவர் தொண்டையில் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே காப்பித் தோட்டம் வரை ஓடிவிட்டு வந்து, இதே நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும் போலிருந்தது.

"இது நம்ம கலியபெருமாள் எழுத்துதாங்க. பாத்தாலே தெரியுதே."

கலியபெருமாள் கும்பகோணத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக எழுதுகிறவர். "நான் எழுதலய்யா," என்றார்.

"எழுதினவங்க அப்படித்தானே சொல்லணும்? அதானே இங்க சட்டம்!"

வட்டமே சிரித்தது. அவர் மறுக்க மறுக்க அவர்கள் உறுதியானார்கள்.

அவளும் குனிந்துகொண்டு சிரித்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இப்படியே ஊருக்குப் போய்விடலாம்.

"ஆனா கலியண்ணே, மூணாம் பக்கத்துல ஒரு வரி பொய்."

மெஹருன்னிசா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"யாரோ முகம் தெரியாத பெரியவரோட ரத்தம். அந்த டியூபை அரை மணி நேரம் உள்ளங்கையில பொத்தி வெச்சுக்கிட்டு நிக்கறாளாம். எந்த லேப்ல நடக்கும் இது? சுத்த சினிமா. அதை மட்டும் வெட்டிடுங்க."

பல தலைகள் ஆடின. பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவைத் திறந்து அந்த வரியின் மேல் கோடு கிழித்தார். பிறகு இன்னொரு கோடு.

அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

சிலருடைய ரத்தம் குளிர்ந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் தப்பாக எண்ணும். உடம்புச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் பிரிந்துவிடும். அதற்கென்று ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் உண்டு. கையில் வைத்திருக்க வேண்டியதில்லை.

மெஹருன்னிசா சொன்னது சரிதான்.

மணி அடித்தது.

யாரும் எழவில்லை. எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். அவர் இரு கைகளையும் விரித்தார்.

முகாம் நடத்தும் சாமியப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது.

இருபத்தொரு முகங்கள் திரும்பின.

"அன்னிக்கு..."

செருமிக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்க லேப்ல இன்குபேட்டர் ரிப்பேருங்க."