வலது தோள்

வலது தோளில் அடி விழுந்தது. இசோமுரா கைகூப்பிச் சுவரை வணங்கினார். அடித்தவருக்கு நன்றி சொல்வது அந்தத் தியான மடத்தின் வழக்கம். ஆனால் அவர் மனதுக்குள் சொன்னது நன்றி அல்ல.

'தடிப்பயலே, இன்னைக்கு இது மூணாவது.'

ஞாயிறு காலை, ஆறரை மணி. இருபது பேர் சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிய பிறகுதான் தோளில் அடிக்கும் கோலைப் பிடிப்பவர் உள்ளே வருவார். மணி அடிப்பதற்கு முன்பே போய்விடுவார். நடுவில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் தூங்கி வழிந்தாலோ, மனம் அலைந்து முதுகு கோணினாலோ, முதலில் தோளில் மெல்ல ஒரு தட்டு. அடுத்தது அடி.

மற்றவர்களுக்கு மிஞ்சிப்போனால் ஒன்று விழும். இசோமுராவுக்கு ஐந்துக்குக் குறைந்ததே இல்லை.

இத்தனைக்கும் அவர் தூங்குவதில்லை. எப்படித் தூங்குவது? இடது கால் மரத்துவிட்டது. வலது காலில் எறும்பு ஊர்கிறது. பக்கத்தில் உட்காரும் தோகுராவின் வயிறு தவளை மாதிரி கத்துகிறது. மூச்சை நாலு வரை எண்ணுவார். ஐந்தில் வெளியே ஒரு காக்கை கரையும். உடனே மனம் குப்பை வலைக்கு ஓடிவிடும். கோபம் வரும், காது சிவக்கும். சிவந்த அதே நொடியில் தோளில் தட்டு. பின்னால் நிற்கும் ஆளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

எல்லாம் அந்த வலையால் வந்த வினை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, தெருமுனையில் குப்பைப் பைகளை வைத்த மனைவி கினுவே, காக்கை கொத்தாமல் மேலே போர்த்தும் வலையை மூட மறந்துவிட்டாள். காக்கைகள் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிட்டன. எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இசோமுரா கால் மணி நேரம் கத்தினார். முப்பது வருடமாகக் கத்துகிறவர்தான். அன்றைக்கு மட்டும் கினுவே ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரே ஒரு தடவை போன் செய்தாள். "எட்டு ஞாயித்துக்கிழமை மடத்துல போய் உக்காருங்க. கோபம் அடங்கிடுச்சுன்னு அங்கிருந்து ஒரு வார்த்தை வரட்டும், நான் வர்றேன். இல்லேன்னா இங்கேயே இருந்துக்கறேன்."

இன்று எட்டாவது ஞாயிறு.

"அந்தத் தடியன் என்னை மட்டும் ஏன்யா குறி வெக்கிறான்?" என்று போன வாரம் தோகுராவிடம் குமுறினார். தடியன் என்றது, வாசலில் பனி தள்ளும் கழுத்துத் தடித்த துறவியை.

"கொடுத்து வெச்சவர் நீங்க. எனக்கு ரெண்டு வாரமா ஒன்னுகூட விழல. வீட்ல சொன்னா, நீங்க வந்து உக்காந்திருக்கறதே அவங்களுக்குத் தெரியலையாக்கும்னு சிரிக்கிறா."

"வேணும்னா என் பங்கையும் எடுத்துக்குங்க."

"எனக்கென்ன, எடுத்துக்குவேன். அவங்க உங்க தோளைத்தானே தேடி வர்றாங்க."

இப்போது நாலாவது தட்டு விழுந்தது. எட்டு வாரக் கத்தல் மொத்தமும் இசோமுராவின் தொண்டைக்கு வந்துவிட்டது. சட்டென்று திரும்பி ஒரு சத்தம் போட்டால் போதும், நெஞ்சு லேசாகிவிடும். ஆனால் கினுவே திரும்பி வரவே மாட்டாள்.

ஆளில்லாத வீடு நினைவுக்கு வந்தது. ஒற்றை ஆளுக்கு வடித்து அடிபிடித்த சோறு. அதைச் சொல்லிக் கத்தக்கூட அங்கே யாருமில்லை. அவர் கழுத்தை இடப்பக்கம் சாய்த்துத் தோளைக் கொடுத்தார். அடி விழுந்தது. கைகூப்பினார். மனதுக்குள் நன்றி வரவில்லை என்றாலும், இந்தத் தடவை திட்டும் வரவில்லை.

மணி அடித்தது. மரத்த காலை இழுத்துக்கொண்டு மடத்துத் தலைவரின் அறைக்குப் போனார்.

"சாமி, எட்டு வாரம் முடிஞ்சுது. ஒரு புகார் சொல்லலாம்னுதான் வந்தேன். பரவால்ல, விடுங்க. என் வீட்டுக்காரிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல," என்றார் கிழவர். "நான் பார்த்தது உங்க முகத்தை. முகம் எல்லார்கிட்டயும் பொய் சொல்லும். எட்டு வாரமா உங்க முதுகைப் பார்த்தவங்க இருக்காங்க. கோல் பிடிச்சவங்களே சொல்லட்டும்."

 அந்த நேரம் பார்த்துக் கழுத்துத் தடித்த துறவி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். இசோமுரா பாயில் கையூன்றித் தலை தரையில் படக் குனிந்தார்.

"ஐயா, மனசுக்குள்ள உங்களை என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. என் குடும்பமே உங்க ஒரு வார்த்தையிலதான் இருக்கு."

துறவி தட்டோடு விழித்தார். "எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா சமையல்கட்டுங்க. கோலை நான் தொட்டதே இல்லியே."

இசோமுராவின் முதுகுக்குப் பின்னால் காகிதக் கதவு நகர்ந்தது. எட்டு வாரப் பழக்கம், அவர் திரும்பவில்லை.

"போதுங்க, வாங்க வீட்டுக்குப் போலாம். எனக்குக் கை வலிக்குது."