பிரெஞ்சு பேசும் பெண்

"அர்த்தம் எதுக்குடி உனக்கு? ஒப்பிச்சிட்டு வா, போதும்!"

மதிவதனி தன் பழைய ப்ளஸ் டூ புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் அவள். வாங்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அவளுடைய தோழி கவிப்ரியாவுக்கோ பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னதாகப் பொம்மை யூனிட் நடத்துகிறாள். மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவாள். பாவம், அவளை பிரெஞ்சு பேசச் சொன்னால்?

எல்லாம் தரகர் சக்கரபாணி இழுத்துவிட்ட வினை. "மாப்ள புதுச்சேரியில பிரெஞ்சுக் கம்பெனியில இருக்காரு. நம்ம பொண்ணும் பிரெஞ்சு நல்லா பேசும்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வராங்க" என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மண்ணு வேலையெல்லாம் எதுக்கு?" என்று கேட்டதால்தான் தட்டிப் போயின. இந்த மாப்பிள்ளை செந்தமிழன் ஒருவன்தான், "யூனிட்ட அவங்க விடவே வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். போட்டோவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொய்ச் சாயம் வெளுத்தால் இந்த வரனும் கைநழுவிப் போகும்.

"இந்தப் புக்குல இருக்குற பயிற்சியில கி, கெ, ஊ, லெகெல்னு ஒம்பது கேள்வி இருக்குது. யாரு, எது, எங்கன்னு அர்த்தம். விடையெல்லாம் 'மேஜை மேல இருக்குற புத்தகம்', 'நான் பொறந்த வூடு' அப்பிடி வரும்" என்றாள் மதிவதனி.

"கேள்வியும் சொல்லிக் குடுடி."

"கேள்விக்கு எவன் மார்க்கு போடுறான்? விடைய மட்டும் படி. வரிசை மாறாம சொல்லு. நடுவுல யோசிச்ச, எல்லாம் மறந்துடும்."

"அவரு வேற எதனா கேட்டா?"

"நம்மூரு சாமி பழமலைநாதர் பாத்துப்பாரு!"

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் பிரெஞ்சுல பேசுங்களேன். நாங்களும் கேக்குறோம்!"

செந்தமிழன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ கேட்டான். கவிப்ரியாவின் காதில் 'கி' மட்டும்தான் விழுந்தது. மேஜை மேல் இருக்கிற புத்தகத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"வுய்" என்று, ஆமாம் சொல்வதுபோல் அவன் தலையாட்டினான். மடியில் இருந்த கைகளில் ஒரு விரலை மடக்கினான்.

இரண்டாவது கேள்விக்கு, தான் பிறந்த வீடு. மூன்றாவதற்கு, குடையைத் தொலைத்த மாமா. அவன் ஒவ்வொரு பதிலுக்கும் "வுய்" என்றான், விரலையும் மடக்கினான். ஐயோ, தப்பை எண்ணுகிறான்! ஒன்பதாவது விரல் மடங்கியபோது அவளுக்குப் புடவையெல்லாம் வியர்வை. அவன் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"தண்ணி பட்ட பாடா பேசுறாங்களே!" என்று அவன் அம்மா பூரித்துப்போனாள். கவிப்ரியாவின் அப்பா விருத்தகிரிக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

கவிப்ரியா அடுப்படிக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்ட மதிவதனி, தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர்.

"மாட்டிக்கிட்டேனாடி?" கவிப்ரியாவுக்கும் அழுகை முட்டியது. "விரல் விட்டு எண்ணுனாரு, நானே பாத்தேன். நல்ல மனுசன்டி, அவர ஏமாத்த மனசு வரல. போயி உண்மைய சொல்லிடுறேன்."

"தாராளமா சொல்லு" என்றாள் மதிவதனி. அப்போதுதான் தெரிந்தது, அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறாள். "நீ அந்தப் பயிற்சியில விடைய மட்டும் மனப்பாடம் பண்ண. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அதே பயிற்சியில கேள்விய மட்டும் வரிசையா மனப்பாடம் பண்ணிட்டு வந்துருக்காருடி. நம்பர் தப்பக் கூடாதுன்னுதான் விரல மடக்குனாரு!"