கோணல் குச்சி

கண்ணாடி ஊதக் கற்றுக்கொள்ள நானும் நயினாரும் சேர்ந்தோம். இருவரும் ஓய்வுபெற்றவர்கள். நிலோஃபர் டீச்சருக்கு எங்களில் பாதி வயதுகூட இல்லை. தோல் ஏப்ரனும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டார். சிங்கத்துக்குப் பல் பிடுங்கப் போகிறவர்களைப் போலிருந்தோம். கையுறை மட்டும் தரவில்லை.

ஒரு கண்ணாடிக் குச்சியைத் தீயில் காட்டி, சிவப்பு மறைந்ததும் ஆறிய குச்சி ஒன்றின் பக்கத்தில் மேசைமேல் கோணலாக வைத்தார்.

“இதுல எது சூடுன்னு பார்த்துச் சொல்ல முடியுதா?”

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

“அதான் பாடம். நான் வர்ற வரைக்கும் தொடாம இருந்தா கையுறை தருவேன். தொட்டா வீட்டுக்குக் கெளம்பிடலாம்.”

அவர் வெளியே போனார். நயினார் முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டவர். கோணலைக் கண்டால் காய்ச்சல் வந்துவிடும். தாலி கட்டும் முன் மணமேடையையே நகர்த்தி நேராக்கிய மனுஷன். எழுந்தார், உட்கார்ந்தார், விரல்களைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கினார்.

“சும்மா இரும் ஓய்!” என்றேன்.

“குச்சியத் தொட மாட்டேன்யா. மேசையக் கொஞ்சம் திருப்புறேன், அது தொட்டதாகாதுல்ல?”

திருப்பினார். மேசையின் ஒரு கால் தரைப் பள்ளத்தில் இறங்கியது. இரண்டு குச்சிகளும் விளிம்பை நோக்கி உருண்டன.

“விடும் ஓய், விழுந்து தொலையட்டும்!” என்று அலறினேன்.

அதற்குள் என் கைகள்தான் முதலில் நீண்டிருந்தன.