தம்பியின் முறை

எளிய நிலை இருந்தது, நடுத்தர நிலையும் இருந்தது. ஆயினும் தோற்றால் சேமித்த ஆட்டமே அழிந்துபோகும் கடின நிலையைத்தான் தம்பி தேர்ந்தெடுத்தான். அக்கா மந்திரவாதியாகவும் அவன் வீரனாகவும் கணினியில் மாறி மாறி ஆடினார்கள். தம்பி காலமானபின் அவன் முறையையும் அக்காவே ஆடினாள்.

இன்று கோட்டை வாசலில் டிராகன் வந்து நின்றது. தோற்றால், தம்பி ஆடிவைத்த அத்தனையும் போய்விடும்.

"லெவலைக் குறைச்சுக்கோயேன். யாரு கேக்கப் போறா?" என்றான் கணவன்.

"அவன் கேப்பான்."

தன் மந்திரவாதியை நகர்த்திவிட்டு, தம்பியின் வீரனை வாசலில் நிறுத்த மவுஸைத் தொட்டாள். அதற்குள் வீரன் தானாக நடந்தான்; வாசலைக் கைவிட்டு, மந்திரவாதியின் முன்னால் கேடயத்தை உயர்த்தி நின்றான்.

"கோட்டைய விட்டுட்டு என்னை ஏன்டா காப்பாத்துறே, மண்டு?" என்று வழக்கம்போல் கடிந்துகொண்டே, அக்கா தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம்விட்டாள்.