இரண்டு அறைகள்

சினிமாவில் கன்னத்தில் விழும் அறையின் சத்தம் கன்னத்திலிருந்து வருவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து திலோத்தமை அதைத் தனியாகச் செய்வாள். வில்லன் அறைந்தால் ஈரத் தோல்செருப்பை ரெக்சின் இருக்கையில் ஓங்கி அடித்து, கூடவே ஒரு முருங்கைக்காயை முறிப்பாள். தாடையே பெயர்ந்ததுபோல் கேட்கும்.

இன்றைய படத்தில் வில்லன் அறையும் பெண்ணைக் கதாநாயகனும் அறைகிறான். “மேடம், இந்த அடியில அன்பு தெரியணும். தியேட்டர்ல விசில் பறக்கணும்” என்றார் இயக்குநர்.

“எனக்கு வில்லனைத்தான் சார் பிடிச்சிருக்கு. அவன் அடிச்சிட்டு அன்புன்னு சொல்லல” என்றான் ஒலிப்பதிவாளர் பரிதி.

“உன் ரசனைக்குப் படம் எடுத்தா நீ மட்டும்தான் பார்ப்ப.”

திலோத்தமை முருங்கைக்காயை ஒதுக்கிவைத்தாள். செருப்பு அதேதான், வேகமும் அதேதான். அடி விழுந்த மறுகணம் கண்ணாடி வளையல்களை மெல்லக் குலுக்கினாள், அவ்வளவுதான். கேட்பவரின் காது வளையல் சத்தத்தின் பின்னால் போய்விடும், அடி சின்னதாகிவிடும்.

“இதான் மேடம் ஹீரோ அறை!” இயக்குநர் கைதட்டினார்.

தேநீர் இடைவேளையில் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். நேற்று புருஷனிடம் அடி வாங்கி வந்திருந்த மகள் எடுத்தாள்.

“ஏம்மா அதையே பிடிச்சுக்கிட்டிருக்க? ஏதோ பாசத்துல அடிச்சிட்டார். சாயங்காலம் கூட்டிட்டுப் போக வர்றார். நான் கிளம்புறேன்.”

“கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அடிச்சப்போ சத்தம் எப்படிடி இருந்துச்சு?”

மறுமுனையில் வளையல்கள் குலுங்கின. அவை அடங்கட்டும் என்று திலோத்தமை ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.