தட்டின் முதுகில் மீதிப் பாட்டு

கிராமபோன் ஊசிக்கு ஆயுசு ஒரு பக்கம்தான். அதற்குமேல் ஓடினால் மழுங்கிப்போய்த் தட்டைக் கீறிவிடும். இது தெரிந்தேதான் அந்தப் புது ஊசி அரக்குத் தட்டில் இறங்கியது.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய சங்கீதம். இருபது வயலின்கள் ஒன்றையொன்று துரத்த, ஊசியும் தன்னை மறந்து கூடவே ஓடியது. உச்சிக்குப் போகிற நேரம் பார்த்துப் பக்கம் தீர்ந்துவிட்டது.

"ஐயையோ, அப்புறம் என்ன ஆச்சு?" என்று பதறியது ஊசி.

"எனக்கு என்னப்பா தெரியும்? மீதி என் முதுகில இருக்கு. என் முதுகை நான் என்னிக்குப் பார்த்தேன்?" என்றது தட்டு, பாவம்.

வீட்டுக்காரர் ஞானாதிக்கம் ஊசியைக் கழற்றி, தேய்ந்த ஊசிகளுக்கான டப்பாவில் போட்டார். உள்ளே ஒரே ஓர் ஊசி கிடந்தது. தட்டின் லேபிள் கிழிந்திருந்ததால், சற்று முன்பு அவர் தெரியாமல் மறுபக்கத்தை முதலில் போட்டுவிட்டிருந்தார். அப்போது ஓடிய ஊசி அது.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கமா? பாட்டு எப்படி முடிஞ்சுது, சொல்லுங்களேன்!" என்று கெஞ்சியது புதிதாய் வந்த ஊசி.

"சொல்றேன் தம்பி, சொல்லாம எங்கே போறேன்?" என்றது முன்பே வந்து கிடந்த ஊசி. "அதுக்கு முன்னாடி, எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீ சொல்லு. வந்து விழுந்ததிலேருந்து எனக்கு அதே நெனப்புதான்."