ஒரு கட்டு ரோமம்

குன்றின் மேல் மேய்ந்த செம்மறி ஆடு ஒன்று, முட்செடியில் உடம்பை உரசி, உதிர்ந்த ரோமத்தைக் கட்டுக் கட்டாக விற்றுவந்தது. கீழே தோப்பிலிருந்த பறவைகள் அதைக் கூட்டுக்கு மெத்தையாக வாங்கின. அவ்வளவு தூரம் ஆட்டால் இறங்க முடியாது. அதனால் காகம்தான் விற்றுக் கொடுத்தது.

அன்று ஒரு கட்டு பத்துக் கம்பங்கதிருக்கு விலைபோனது. காகம் கொண்டுவந்து போட்டதோ ஐந்துதான்.

"மிச்சம் எங்கே தம்பி?"

"கடை விரிச்சதுக்கு ரெண்டு, தூக்கிட்டுப் போனதுக்கு ரெண்டு. மத்த ஆடுங்க சரக்குக்கு முன்னால உன் சரக்கை வச்சதுக்கு ஒண்ணு, அக்கா."

காகம் பொய் சொல்லவில்லை. அத்தனை வேலையையும் அதுதான் செய்தது. ஆடு ஒரு கதிரைத் தின்றது.

மறுநாள், அந்த விற்ற கட்டு திரும்பி வந்துவிட்டது. வாங்கிய மைனாவுக்கு நிறம் பிடிக்கவில்லையாம். போக வரச் சுமந்த கூலிக்கு, மீதியிருந்த நான்கு கதிரையும் காகம் கேட்டது.

"வித்தாலும் எடுக்கிறே, திரும்பி வந்தாலும் எடுக்கிறே. எப்பத்தான் எடுக்க மாட்டே?" ஆட்டுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

காகம் உண்மையாகவே யோசித்தது. "நீ விக்காத அன்னிக்கு, அக்கா."

"அப்ப இனிமே ஒரு கட்டு இருபது கதிர்னு சொல்லு."

"யாரும் வாங்க மாட்டாங்களே!"

ஆட்டின் பாதி முதுகு வெறும் தோலாக இருந்தது. அதில் காற்று சிலீரென்று பட்டது.

"வாங்காட்டி என் மேலேயே இருக்கட்டும். குளிருது" என்று சொல்லிவிட்டு ஆடு மெல்லப் படுத்துக்கொண்டது.